நிறுத்தியும் நிற்காத வினை

திருப்பூர் வட்டாரத்துக் குன்னத்தூரில் கரண்ட் போனால் நிட்டிங் மிஷின் அந்த நொடியே நின்றுவிடும். சிலிண்டரில் ஊசிகள் ஆடாமல் நிற்கும். மேலே கோன்களிலிருந்து இறங்கிய நூல்கள் விறைத்தபடி இருக்கும். கரண்ட் வந்ததும் ஆபரேட்டர் ஸ்விட்சைப் போட, விட்ட இடத்திலிருந்து துணி இறங்கத் தொடங்கும். மாநிலத்தின் மின்கட்டமைப்பில் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் மின்சாரமும் கலந்திருப்பதால், இந்த மிஷின்களுக்கும் அந்தக் கடற்கரைக்கும் ஒரு கணக்கு உண்டு. ஆனால் அங்கே ஓடும் உலைக்கு இப்படிச் சட்டென்று நிற்கத் தெரியாது.

கட்டுப்பாட்டுத் தண்டுகள் இறங்கினால் அணுப்பிளவு சில நொடிகளில் அடங்கிவிடும், வெப்பம் அடங்காது. பிளவில் பிறந்த கதிரியக்கப் பொருள்கள் தம்போக்கில் சிதைந்துகொண்டே இருக்கும். நிறுத்திய கணத்தில் முழு வெப்பத்தில் 6 முதல் 7 சதவீதம் மிச்சமிருக்கும். ஒரு மணி நேரத்தில் அது ஒன்றரை சதவீதம் அளவுக்கு இறங்கும். 1000 மெகாவாட் மின்சாரம் தரும் உலை சுமார் 3000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. நிறுத்திய மறுநாளும் அதில் பத்து மெகாவாட்டுக்கு மேல் வெப்பம் ஊறிக்கொண்டிருக்கும். அதை வெளியே கொண்டுபோக ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பெரும்பாலும் அது தண்ணீர்தான்.

ஒரு செயல் எப்போது முடிகிறது? கையை எடுத்தபோதா, அதன் பலன் தீர்ந்தபோதா?

சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறது. சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். பலன் தரத் தொடங்கிவிட்டது பிராரத்தம். இனி வந்து சேர்வது ஆகாமியம். முதலாவதைக் குருவருள் எரித்துவிடும். மூன்றாவதை வராமல் தடுக்கலாம். நடுவில் உள்ளதை மட்டும் அனுபவித்தே தீர்க்க வேண்டும். குயவன் கையை எடுத்த பிறகும் சுற்றும் சக்கரத்தைச் சாங்கியரும் அத்வைதிகளும் இதற்கு உதாரணம் காட்டினார்கள். உலையின் எஞ்சிய வெப்பமும் இந்த நடு வகையைச் சேர்ந்தது. ஆனால் குயவனின் சக்கரம் யாரும் கவனிக்காவிட்டாலும் தானே ஓயும், யாரையும் சுடாது. உலையைக் கவனிக்காமல் விட்டால் எரிபொருளே உருகும்.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் ஃபுகுஷிமாவில் நடந்தது அதுதான். நிலம் அதிர்ந்ததும் ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் தாமாகவே நின்றன; அதுவரை எல்லாம் சரியாகவே நடந்தது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வந்த கடல், டீசல் ஜெனரேட்டர்களையும் கடல்நீர்ப் பம்புகளையும் செயலிழக்க வைத்தது. நின்றுவிட்ட உலைகள்தான் உருகின.

கல்பாக்கம் அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே கடலைச் சந்தித்திருந்தது. கரையிலிருந்து ஏறக்குறைய அரை கிலோமீட்டர் தள்ளி, கடலடிச் சுரங்கம் வழியாகத் தண்ணீர் எடுக்கும் அணுமின் நிலையம் அது. 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி அதே வழியாகப் பம்பு அறைக்குள் ஏறியது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் உலையை ஊழியர்கள் பத்திரமாக நிறுத்தினார்கள், வெப்பமும் வெளியேறியது. ஆனால் அருகிலிருந்த ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் போயின.

கூடங்குளம் இந்தப் பயத்துக்குத் தன் வடிவமைப்பிலேயே ஒரு பதில் வைத்திருக்கிறது. பம்பும் மின்சாரமும் இல்லாவிட்டாலும் காற்றோட்டத்தாலேயே எஞ்சிய வெப்பத்தை வெளியேற்றும் ஏற்பாடு அது. அன்றாட ஓட்டத்துக்கோ கடல்தான். தேவையான நன்னீரை முதலில் பேச்சிப்பாறை அணையிலிருந்து எடுப்பதாக இருந்தது. எதிர்ப்புக்குப் பிறகு கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. சூடேறித் திரும்பும் நீர் கடலின் இயல்பான வெப்பத்தைவிட 7 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு உண்டு. அந்த வெதுவெதுப்பில் மீன் தங்குமா என்பது பக்கத்து ஊரான இடிந்தகரையின் மீனவர்கள் கேட்கும் கேள்வி. 2012 செப்டம்பரில் அவர்கள் கடலுக்குள் இறங்கி, கைகோத்து நின்று போராடினார்கள்.

சித்தாந்தம் தடுமாறும் இடம் இதுதான். செய்தவனே நுகர்வான் என்பது வினைக்கொள்கையின் உயிர்நாடி. இங்கே மின்சாரத்தை எடுப்பது குன்னத்தூர் ஷெட், சூட்டை வாங்குவது இடிந்தகரைக் கடல், கழிவைக் காக்கப்போவது இன்னும் பிறக்காத யாரோ. ஜெர்மன் தத்துவஞானி ஹான்ஸ் யோனாஸ் 1979இல் எழுதிய நூலில் கேட்டதும் இதுதான்: மனிதனின் செயல் காலத்தைத் தாண்டி நீளும்போது, பக்கத்தில் இருப்பவனை மட்டும் பார்க்கும் பழைய அறம் போதுமா?

திருப்பூர் வட்டாரத்துக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. சாயப்பட்டறைகளின் கழிவு நொய்யலில் இறங்கி, 1990களில் கட்டி முடிந்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்துக்கு என்று கட்டிய அணையின் தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம் என்று கீழேயிருந்த விவசாயிகளே கெஞ்சும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. பட்டறைகள் நின்றதும் கிணறுகள் இனித்துவிடவில்லை. மண்ணில் ஏறிய உப்பு சாவகாசமாகத்தான் இறங்கும். கழிவுநீரை வெளியே விடவே கூடாது என்ற ஜீரோ டிஸ்சார்ஜ் விதி சாயத்தண்ணீரைப் பட்டறைக்காரர் தலையிலேயே திருப்பி வைத்தது. செய்தவனையும் நுகர்பவனையும் மறுபடி ஒரே ஆளாக்கும் முயற்சி என்று அதைச் சொல்லலாம். உப்பு விஷயத்தில் அது ஓரளவு முடிந்தது. யுரேனியத்தில் முடியுமா?

செய்யாதவன் காக்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு. தான் வெட்டாத குளத்தை ஊரே கூடித் தூர்வாரும் குடிமராமத்து அப்படிப்பட்டது. 2024 ஆகஸ்டில் தொடங்கிய அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்தில் பவானியின் உபரிநீர் 1045 குளம் குட்டைகளுக்கு வருகிறது; அவற்றில் பலவற்றை வெட்டியவர் யாரென்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் குடிமராமத்தில் காப்பவனுக்கே தண்ணீரும் கிடைத்தது.

எரிந்து முடிந்த எரிபொருளைக் காப்பவனுக்கு அப்படி ஒன்றும் கிடைக்காது. உலையை விட்டு வெளியே வந்த பிறகும் அது பல ஆண்டுகள் தண்ணீர்த் தொட்டியில் ஆற வேண்டும். கூடங்குளத்தில் அதற்கென்று உலைக்கு வெளியே தனிக் கிடங்கை ஐந்து ஆண்டுகளில் கட்ட உச்ச நீதிமன்றம் 2013இல் சொன்னது. 2018இல் அந்தக் கெடுவை 2022 வரை நீட்டித்தது. அந்தக் கிடங்குக்குக் காவல் இருக்கப்போகிறவரின் சம்பளத்தில் குன்னத்தூரின் பங்கு எவ்வளவு என்பதை இன்றைய மின்கட்டண ரசீது காட்டுவதில்லை.