சிங்கத்தின் கொடியில் புலியின் கடவுள்

1799 மே 4, நண்பகல் கடந்த வேளை. ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டை மதிலில் பீரங்கிகள் பிளந்திருந்த உடைப்பின் வழியே கிழக்கிந்தியக் கம்பெனிப் படை ஏறியது. பொழுது சாய்வதற்குள் மைசூர் மன்னர் திப்பு சுல்தான் பிணக் குவியலுக்கு நடுவே கிடந்தார். வென்ற படைக்குத் தளபதி முதல் சிப்பாய் வரை பதக்கம் தருவதென்று கம்பெனி தீர்மானித்தது.

கூக்லர் என்ற ஜெர்மானியச் சிற்பி அச்சைச் செதுக்கினார். பர்மிங்ஹாம் பக்கம் மேத்யூ போல்டனின் சோஹோ நாணயச்சாலையில் அது அடிக்கப்பட்டது. ஒரு முகத்தில் பிரிட்டிஷ் சிங்கம் புலியொன்றை மடக்கி அமுக்குகிறது. புலி திப்புவின் சின்னம் என்று அன்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மறுமுகத்தில் உடைப்பில் ஏறும் படை, மேலே உச்சிச் சூரியன். இதுவரை வியக்க ஒன்றுமில்லை. ஜெயித்தவன் அடித்துக்கொள்ளும் பதக்கம் வேறெப்படி இருக்கும்?

சிங்கத்தின் மேலே பறக்கும் கொடியில்தான் விஷயம் இருக்கிறது. இறைவனின் சிங்கமே வெல்லும் என்ற பொருளில் அரபு வாசகம். 'இறைவனின் சிங்கம்' என்பது நபிகளாரின் மருமகன் அலீக்கு வழங்கும் பட்டம். அதே வாசகத்தைத்தான் திப்பு தம் கொடிகளிலும் ஆயுதங்களிலும் புலிமுக வடிவில் எழுதுவித்திருந்தார். பின்பக்கத்துப் பாரசீக வரி கோட்டையை இறைவன் தந்த கொடை என்கிறது. திப்பு தம் அரசுக்கே 'குதாதாத்', அதாவது இறைவன் தந்தது, என்றுதான் பெயர் வைத்திருந்தார். ஆக, கஜானாவையும் நூலகத்தையும் அள்ளியவர்கள், தோற்றவரின் பிரார்த்தனையையும் விட்டுவைக்கவில்லை.

வெற்றிதான் இறையருளுக்குச் சான்று என்றால், திப்புவின் கடவுள் ஒரே மத்தியானத்தில் கட்சி மாறிவிட்டாரா? பதக்கம் அப்படித்தான் சாதிக்கிறது. ஆனால் அது இரவல் வாங்கிய பட்டத்தின் சரித்திரமே அதை மறுக்கிறது. அலீயின் மகன் ஹுசைன் 680இல் கர்பலாவில் சிறு கூட்டத்தோடு கொல்லப்பட்டார். படையனுப்பி வென்ற கலீபா யஸீதின் பக்கம் நியாயம் இருந்தது என்று, ஹுசைனுக்காக முஹர்ரத்தில் அழுகிறவர்களிடம் சொல்லிப் பார்க்கலாம்!

திப்புவும் வெற்றி வேண்டாத துறவியல்ல. மராட்டியக் குதிரைப்படை சூறையாடிய சிருங்கேரி மடத்துக்கு உதவி அனுப்பியவர், பகைவர் ஒழியச் சண்டி ஜபம் நடத்தும்படியும் அங்கே எழுதிக் கேட்டார். என்றாலும் கேட்பது வேறு, கிடைத்துவிட்டது என்று உலோகத்தில் அடித்துக்கொள்வது வேறு. கேட்கிறவனுக்கு, மறுக்கவும் கடவுளுக்கு உரிமை உண்டு என்பது தெரியும்.

இந்தக் கதையின் மிச்சம் வேலூரில் இருக்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்த ஜெனரல் ஹாரிஸின் படை மைசூருக்குப் புறப்பட்டது அங்கிருந்துதான். திப்புவின் பிள்ளைகளைச் சிறைவைத்ததும் அந்தக் கோட்டையில்தான். அணிவகுப்பில் நெற்றிக் குறியும் காதணியும் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று சென்னைப் படைச் சிப்பாய்களுக்கு உத்தரவு வந்தது. 1806 ஜூலை 10 அதிகாலை வேலூர்ச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து, கோட்டையில் மைசூர்க் கொடியை ஏற்றினார்கள். அன்றே கிளர்ச்சி அடக்கப்பட்டு, நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். உத்தரவு பிறகு திரும்பப் பெறப்பட்டது.

பதக்கம் வழங்கப்பட்டது 1808இல். மிக உயர்ந்தவர்களுக்குத் தங்கம், சிப்பாய்க்கு வெள்ளீயம். நெற்றியில் திருநீறு ஆகாது என்ற அதே கம்பெனி, இறைவன் பெயர் பொறித்த வில்லையை அவன் கையில் கொடுத்தது. மாட்டிக்கொள்ள வளையம்கூட வைக்கவில்லை.