குறையுடைப் பிறப்பும் வினைக்கொள்கையும்

சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டங்களில், இரத்தினபுரிப் பக்கத்து இறக்குவானை, பலாங்கொடையிலாயினும், கேகாலைப் பக்கத்து எட்டியாந்தோட்டை, தெரணியகலையிலாயினும், பிள்ளையொன்று உதடு பிளந்தோ கால் வளைந்தோ பிறந்துவிடின், லயத்தில் முதற்கண் எழும் வினா ‘இது யார் செய்த பாவம்?’ என்பதே. கிரகணத்தன்று தாய் அரிவாளைத் தொட்டாள் என்பார் சிலர்; முனி அடித்தது என்பார் சிலர்; குலதெய்வத்துக்கு நேர்ந்ததைச் செலுத்தவில்லை என்பார் வேறு சிலர். இவையெல்லாம் ஓய்ந்தபின் சற்றுக் கற்றவர் ஒருவர் வந்து, ‘எல்லாம் முன்வினை’ என்று முடித்துவிடுவர். முன்னையவற்றை நகைத்துத் தள்ளும் நம் சைவ ஆசிரியரும் இம்முடிவுக்கு மட்டும் தலையசைக்கின்றனர். சாத்திரத்தின் சொற்போல அது ஒலித்தலே காரணம். உண்மையில் அது சாத்திரத்தின் கருத்துத்தானா என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

சித்தாந்தம் வினையை மறுப்பதன்று. சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூவகைப்படுத்தி, எடுத்த உடம்பு பிராரத்தத்துக்கு ஏற்ப வாய்ப்பது என்று நாமே வகுப்பிற் கற்பிக்கின்றோம். துயருற்றாரைத் தேற்றும்பொருட்டு அதனை இல்லையென்று கூறுவது நேர்மையாகாது. ஆயினும் அக்கொள்கையின் இரண்டு கூறுகள் பெரிதும் மறக்கப்படுகின்றன. வினை சடம்; தானாகச் சென்று எவரையும் பற்றாது. உயிரோ தன் வினையைத் தானும் அறியாது. அறிந்து கூட்டுவிப்பவன் இறைவன் ஒருவனே. அங்ஙனமாகப் பிறிதோர் உயிரின் கணக்கை லயத்து வாயிலில் நின்று படிக்க எவர்க்கு அதிகாரம் உண்டு? இனி, தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் ஆணவ இருளிற் கிடந்த உயிர் விளக்கம் பெறுதற்பொருட்டு அருளால் தரப்பட்டவை என்பது நம் நூற்றுணிபு. வளைந்த காலும் அத்தனுவின் உறுப்பே. ஆதலின் வினைக்கொள்கை ஒருவர் தம்மை நோக்கிச் சொல்லிக்கொள்ளத் தக்கதேயன்றி, பிள்ளை பெற்று ஏழு நாளான ஒருத்தியின் முகத்தை நோக்கிச் சொல்லத் தக்கதன்று.

‘வினையாயின் மருந்து எற்றுக்கு?’ எனின், கொடிமாடச்செங்குன்றூரில் அடியார்கள் குளிர்சுரத்தால் வருந்தியபோது திருஞானசம்பந்தர் செய்தது யாதென நினைவு கூர்க. வினையின் வழி வந்ததென்று அவர் வாளாவிருந்திலர். வினையென்று சொல்லிக்கொண்டே உய்யும் வழி தேடாதிருத்தல் குறையென இடித்துரைத்தன்றோ திருநீலகண்டத் திருப்பதிகம் அருளினார்! காய்ச்சற் காலத்தில் அதனை ஓதுவிக்கும் ஆசிரியர் பலர். அதன் வாதத்தை எடுத்து விளக்குவோர் மிகச் சிலர்.

உலகில் நூறு குழந்தைகளில் ஏறத்தாழ மூவர் குறிப்பிடத்தக்க உறுப்புக் குறையோடு பிறக்கின்றனர். உதட்டுப் பிளவு ஏறக்குறைய 700 பிறப்பில் ஒன்று. இது கிரகணத்துக்கு அஞ்சாத நாடுகளிலும் உண்டு. பெரும்பாலானவற்றுக்குத் தனியொரு காரணத்தை மருத்துவ நூலாலும் சுட்ட இயலாது. ஆகவே தாயின் குற்றமென்று சுட்டுவதற்கும் இடமில்லை. காரணம் துலங்கியவற்றுள் ஒன்று ருபெல்லா என்னும் அம்மை. 1941 இல் அவுஸ்திரேலியக் கண் மருத்துவர் நோர்மன் கிரெக், கண்புரையோடு பிறந்த குழந்தைகளின் தாய்மார் கருவுற்ற தொடக்கத்தில் அந்நோய் கண்டவர்கள் என்பதை வெளியிட்டார். இலங்கையில் 1996 இல் அதற்குத் தடுப்பூசி தொடங்கியது. 2020 இல் அந்நோய் இந்நாட்டில் ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஊசியால் ஒழிந்துபோன ஒன்றை எத்தனை தலைமுறை குலப்பாவம் என்று சொல்லியிருப்போம்!

முள்ளந்தண்டுக் குறை மற்றொன்று. தண்டுவடமாகும் குழாய் கருவுற்ற 28 நாட்களுள் மூடிவிடும். பெண் தான் கருவுற்றதைப் பல வேளை அறியாத காலம் அது. முன்னர் அக்குறையுள்ள பிள்ளையைப் பெற்ற தாய்மார்க்கு ஃபோலிக் அமிலம் கொடுத்தபோது, அது மீண்டும் வருதல் நான்கில் ஏறத்தாழ மூன்று பங்கு குறைந்தமை 1991 இல் பிரித்தானியர் வெளியிட்ட ஆய்வால் நிறுவப்பட்டது. ஆதலின் அம்மாத்திரை வயிற்றில் பிள்ளை தங்குமுன்னரே தொடங்கற்பாலது. மாமன் மகளை மணப்பதில் இக்குறைகளின் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிக்கும். அக்காள் மகளாயின் இன்னும் மிகும். அத்தகைய மணத்திற் பிறந்தோருட் பெரும்பாலார் நலமாகவே உள்ளனர் என்பதையும் உடன் சொல்லுதல் வேண்டும். சாதகம் பார்ப்பதிற் செலுத்தும் சிரத்தையிற் சிறிது இங்கும் செலுத்தினால் நன்று.

வளைந்த பாதம் பெரும்பாலும் திருத்தத்தக்கது. பிறந்த சில வாரங்களுள் மாவுக்கட்டுத் தொடங்கி, வாரந்தோறும் மாற்றி, பின்னர் ஏறத்தாழ நான்கு வயதுவரை இராவில் தாங்கணி அணிவித்தல் முறை. பழிக்கு அஞ்சிப் பிள்ளையை லயத்து அறையில் மறைக்கும் ஒவ்வொரு வாரமும் இழப்பே. மறைப்பதற்குப் பழி மட்டுமா காரணம்? வைத்தியசாலைக்குப் போகும் நாளில் தாய்க்குப் பேர் இல்லை; அரைப்பேரும் இல்லை. இதனை நினையாது அவளை அசட்டையுடையாள் என்று கடிவது எளிது.

திருவாரூர்த் தண்டியடிகள் கண்ணின்றிப் பிறந்தவர். குளத்துள்ளும் கரையிலும் தறி நட்டு, இடையே கயிறு கட்டி, அதனைத் தடவிச் சென்று மண் எடுத்தார். எவருடைய பாவத்தால் அவர்க்குக் கண் இல்லையாயிற்று என்று சேக்கிழார் வினவினாரல்லர். அடிகள் பிற்பாடு பார்வை பெற்றது உண்மையே. திருத்தொண்டோ அதற்கு முன்னரே நிகழ்ந்தது.

ஆகமங்கள் ஆசாரியராதற்கு உறுப்புக் குறைவின்மையை வேண்டுகின்றனவே எனின், அது ஒரு பணிக்குரிய தகுதி; வீடுபேற்றுக்குரிய தகுதியன்று. திருந்தாத குறைகளும் உள. அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைக்கு மாவுக்கட்டில்லை, சத்திரசிகிச்சையும் இல்லை. பள்ளியிற் சேர்க்க மறுப்பதை 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் தடுக்கின்றது. நம் நூல் அதற்கு மேலும் செல்கின்றது. சிறுவர், அறிவு முதிராதார், முதியோர், நோயாளர் முதலியோர்க்கு நித்திய நியமங்களைச் சுமத்தாது நிர்ப்பீச தீக்கை செய்து வீடு தருவதைச் சிவஞான சித்தியார் விதந்து கூறுகின்றது. அவ்வாறிருக்க, வெள்ளிக்கிழமைக் கூட்டுப் பிரார்த்தனையில் அப்பிள்ளையைக் கடைசி வரிசைக்கும் அப்பால், வாசற்படியருகே நிறுத்துவது எந்த நூலைப் பார்த்து?