பேச்சுவார்த்தைத் திறனும் பேசப்படும் மக்களும்

அரசாங்க சேவையிற் புகுவோர்க்குப் பேச்சுவார்த்தைத் திறன் கற்பிக்கப்படல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. அத்திறன் யாது என்பதே வினா. குறைவாகக் கொடுத்து நிறைவாகப் பெறுவதே திறன் எனின், அது வணிகர்க்குப் போதியதாகலாம். மக்கட்பணி புரிவோர்க்குப் போதியதன்று.

1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் இதற்குத் தக்க சான்றாகும். நாடற்றோராக்கப்பட்டிருந்த மலையக மக்களுள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. பேரம் என்ற வகையில் இது பிழையற்ற கணக்கு. ஆனால், இரத்தினபுரி, கேகாலைத் தோட்ட லயங்களில் வாழ்ந்தோர் உட்பட, அம்மக்கள் அங்கே பேசப்பட்ட பொருளாயினரேயன்றிப் பேசும் தரப்பினராகவில்லை.

இலட்சக்கணக்கானோர் ஒரு மேசையில் அமர்தல் இயலுமா எனச் சிலர் வினவலாம். இயலாதுதான். பிறர்க்காக ஒருவர் பேசுதல் குற்றமன்று. அவரைக் கேளாது பேசுதலே குற்றம்.

கேட்டல் வெறும் மரியாதையுமன்று. அதுவே அறிவின் வாயில். 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் சம்பளச் சபையின் வழியாக 1000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. ஆயினும், கொழும்பில் எழுதப்படும் தொகை முழுமையாகக் கைக்கு வந்துசேரும் என்பதற்கில்லை. கொழுந்தின் நிறை குறையின் ‘அரைப்பேர்’ விழுதல் உண்டு. சப்பிரகமுவவின் இறப்பர்த் தோட்டங்களில் மழை பெய்யின் பால்வெட்டு நின்றுபோதலும் உண்டு. ஆகவே, ஒரு நாட்சம்பளம் எவ்வளவு என்பதோடு, முழுப்பேர் விழும் நாட்கள் எத்தனை என்பதும் வினாவாகின்றது. அவ்வினாவின் கூர்மையைக் கொழுந்து பறிப்பவரும் பால் வெட்டுபவருமே நன்கறிவர்.

சிங்களம் நிருவாக மொழியாகவுள்ள சப்பிரகமுவவிலும் தமிழில் அரசாங்கத்துடன் தொடர்புகொள்ளும் உரிமையை 1988ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் வழங்கியது. எனினும், தமிழறியா அதிகாரியின் முன்னே அவ்வுரிமை ஊமையாகிவிடும். எனவே, பேச்சுவார்த்தைப் பயிற்சியின் முதற்பாடம் மக்களின் மொழியைக் கற்றல். இரண்டாம் பாடம் செவிமடுத்தல். மூன்றாம் பாடம், ஒப்பமிடுமுன் அம்மக்களிடம் மீண்டு சென்று விளக்குதல். வாதத்திறன் இவற்றின் பின்னரே வருதல் தகும்.

தூதர்க்கு வேண்டிய பண்புகளைக் கூறிய வள்ளுவர், அன்பை முதலிலும் சொல்வன்மையை அதன் பின்னரும் வைத்தார். அவ்வரிசை மாறின், திறன் வளர வளர அநீதியும் செம்மையாக நடந்தேறும்.