வெண்பாக்கத்தில் கிடைத்த ஊன்றுகோல்



ஆடிச் சுவாதி சுந்தரர் குருபூசைக்குக் காஹாங்கில் எங்கள் கோயில் சமய வகுப்பில் பேசச் சொன்னார்கள். அன்று பேசியதையும், வாய் வராமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

சுந்தரர் என்றால் நமக்கு உடனே ஞாபகம் வருவது சிவபெருமான் கிழவராக வந்து கல்யாணத்தை நிறுத்தியது, முதலை விழுங்கிய பிள்ளையை மீட்டது. நான் எடுத்துக்கொண்டது அவர் தண்டனை வாங்கிய கதை.

திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்கும்போது "உன்னைப் பிரிய மாட்டேன்" என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. அதிலும் நம்மாள் ஒரு வேலை பார்த்தார். சந்நிதியில் சத்தியம் செய்யும் நேரத்தில் நீங்கள் மகிழ மரத்தடிக்குப் போய்விடுங்கள் என்று சாமியிடமே பேசி வைத்தார். ஆளில்லாத சந்நிதியில் செய்த சத்தியம் கட்டாது அல்லவா! சாமியோ சங்கிலியாரின் கனவில் வந்து, மகிழ மரத்தடியிலேயே சத்தியம் கேள் என்று சொல்லிவிட்டார். மாட்டிக்கொண்டார். கொஞ்ச காலம் கழித்துத் திருவாரூர் நினைப்பு வந்தது, கிளம்பினார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார், இரண்டு கண்ணும் போயிற்று.

இவர் யார்? தம்பிரான் தோழர். கடவுளின் சிநேகிதன். அவருக்கே சலுகை இல்லை. செய்த தப்புக்குத் தண்டனை உண்டு என்பதில் நம் சமயம் வழவழா கொழகொழா என்று பேசவே இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏன்னா கீழே எழுதப்போவதைப் படித்துவிட்டு "குற்றவாளிக்கு வக்காலத்து வாங்குறான்" என்று யாரும் சொல்லக் கூடாது.

ஆனால் தண்டனை கொடுத்த பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள். கண் தெரியாமல், பிறர் வழிகாட்டத் தட்டுத் தடுமாறி நடக்கிறார். திருவெண்பாக்கம் போய், கோயிலுக்குள்ளேதான் இருக்கிறாயா என்று கோபமாகக் கேட்கிறார். பதில் வருகிறது. கூடவே ஓர் ஊன்றுகோலும் கிடைக்கிறது. கண் கிடைக்கவில்லை, கோல்தான். (அந்தப் பழைய கோயில் இருந்த இடம் பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. கோயிலை இடம் மாற்றிக் கட்டினார்கள்.) பிறகு காஞ்சிபுரத்தில் இடது கண். திருத்துருத்தியில் குளத்தில் முழுகி உடம்பில் வந்த நோய் நீங்கியது. கடைசியில் திருவாரூரில் வலது கண்.

நான் படிப்பது மெக்கானிக்கல். ஊன்றுகோலால் பார்வை வராது என்று எனக்கும் தெரியும். அது பாரத்தைக் கொஞ்சம் தாங்கும், அடுத்த ஊர் வரை போய்ச் சேரலாம். தண்டனை இன்னும் முடியாத ஒருவருக்கு, தண்டனை கொடுத்தவரே அதைக் கொடுத்தார். வழியில் எந்த ஊர்க் கோயிலும் "நீ சத்தியம் தவறினவன், வெளியே நில்" என்று கதவைச் சாத்தவில்லை.

இனி நம்ம ஊருக்கு வருவோம். சிம்பாங் ரெங்கம் என்று சொன்னாலே பெரியவர்கள் குரலைத் தாழ்த்துவார்கள். காஹாங்கும் அதுவும் ஒரே குளுவாங் மாவட்டம். 1969-இல் வந்த அவசரகாலச் சட்டத்தின் கீழ் நீதிமன்ற விசாரணையே இல்லாமல் ஆட்களை அங்கே அடைத்து வைத்திருந்த காலம் உண்டு. அதில் நம் பிள்ளைகளும் இருந்தார்கள். 2012-இல்தான் அந்தச் சட்டம் போனது. சுந்தரருக்காவது தான் செய்த தப்பு என்னவென்று தெரிந்திருந்தது.

நாடு கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டுதான் வருகிறது. 2008 முதல் பரோல் இருக்கிறது. தண்டனையின் ஒரு பகுதியை வெளியே, அதிகாரியின் கண்காணிப்பில், வேலை செய்துகொண்டே கழிக்கலாம். 2023 ஜூலை 4 முதல் கட்டாய மரண தண்டனை இல்லை. தூக்கே போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். தூக்கா, 30 முதல் 40 ஆண்டு சிறையா என்று நீதிபதி வழக்கைப் பார்த்து முடிவு செய்யலாம், அவ்வளவுதான். ஏற்கெனவே தூக்குத் தண்டனையோ சாகும்வரை சிறையோ பெற்றிருந்த 1,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு, கூட்டரசு நீதிமன்றத்தில் மறுபரிசீலனை கேட்கும் வழியும் திறந்தது. 2023 நவம்பரில் விசாரணைகள் தொடங்கின. பலருக்குத் தண்டனை 30 ஆண்டாகக் குறைந்தது. அதில் நன்னடத்தைக்கு மூன்றில் ஒரு பங்கு கழிந்தால் 20 ஆண்டு. அதாவது, 2000-த்தின் தொடக்கத்தில் உள்ளே போனவர்கள், திரும்பவே மாட்டார்கள் என்று வீட்டில் அழுது முடித்துவிட்டவர்கள், வந்துகொண்டிருக்கிறார்கள். எங்கே வருவார்கள்? நம் தாமானுக்கும் தோட்டத்துக்கும்தான். அப்புறம் கோயிலுக்கு.

வகுப்பில் வாய் வராமல் விட்டது இனிமேல்தான்.

எங்கள் ஊரில் ஓர் அண்ணன் போன வருஷம் வெளியே வந்தார். என்ன வழக்கு என்று எழுத மாட்டேன். ஊருக்குத் தெரியும், உங்களுக்குத் தேவையில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்கு வருவார். கடைசி வரிசையில் நிற்பார். அன்னதானம் முடிந்ததும் யாரும் சொல்லாமலே பின்னால் போய் அண்டாக்களைத் தேய்ப்பார். திருவிழாவுக்கு முன் நாங்கள் தண்ணீர்ப் பந்தலுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தோம். அவர் வந்து, "தம்பி, என் பேரையும் போட்டுக்கோ" என்றார். எங்களில் ஒருவன் "அப்புறம் பார்க்கலாம்ண்ணே" என்றான். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். பேனா என் கையில்தான் இருந்தது. எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

2022 ஏப்ரல் 27 அன்று ஈப்போவைச் சேர்ந்த நாகேந்திரன் தர்மலிங்கம் சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்டபோது அவர் படத்தைப் போனில் எல்லாருக்கும் அனுப்பியவன் நான். "ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கலாமே" என்று எழுதினேன். செத்துப்போனவருக்கு வாய்ப்புக் கேட்பது சுலபமாக இருந்தது. உயிரோடு எதிரில் நின்றவருக்கு அரை வரி எழுத முடியவில்லை.

வகுப்பு முடிந்ததும் பதின்மூன்று வயதுத் தங்கை ஒருத்தி கேட்டாள்: "அண்ணே, சங்கிலியார் என்ன ஆனாங்க?" நல்ல கேள்வி. கதை சுந்தரரோடு திருவாரூருக்குப் போய்விடுகிறது, அவர் ஒற்றியூரிலேயே நிற்கிறார். திருந்தி வந்தவரைப் பற்றிப் பேசும்போது, அவரால் பாதிக்கப்பட்ட வீட்டை நாம் மறந்துவிடுகிறோம். எங்கள் ஊரிலும் அப்படி ஒரு வீடு இருக்கிறது. அந்த அம்மாவும் அதே கோயிலுக்குத்தான் வருகிறார். பட்டியலில் பெயர் எழுதும் முன் அவரிடம் போய்ப் பேச வேண்டும் என்பது அந்தத் தங்கை கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் வேண்டாம் என்றால் என்ன செய்வது? தண்ணீர்ப் பந்தல் இல்லாவிட்டால் வேறு வேலை, வேறு நாள். அண்டா தேய்க்கும் இடத்தில் நாங்கள் நாலு பேர் போய்க் கூட நிற்கலாம், அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

அடுத்த கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை சாயங்காலம் அந்த அம்மா வீட்டுக்குப் போகிறேன். என் அம்மாவும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.