முதலில் குகைக்குப் போயிருந்தால்

சோஃபக்ளிஸின் ‘ஆன்டிகனி’ நாடகத்தில் இந்தக் கட்டுரையாளரை உறுத்திக்கொண்டே இருப்பது நாயகி ஆன்டிகனியின் சாவுகூட அல்ல. அரசன் கிரியோன் எங்கே முதலில் போனான் என்பதுதான்.

தடையை மீறி உடன்பிறந்தவனின் பிணத்தின் மேல் மண் தூவியவளை, தீப்ஸ் அரசன் பாறைக் குகையில் உயிரோடு அடைக்கிறான். கண்ணில்லாத ஞானி டைரீசியஸ் எச்சரித்ததும் பயம் பிடித்து ஊர்ப் பெரியவர்களிடம் யோசனை கேட்கிறான். அவர்கள் சொல்வதில் ஒரு வரிசை இருக்கிறது: முதலில் பெண்ணை விடுவிப்பது, பிறகு பிணத்தை அடக்கம் செய்வது. அடைத்த கையாலேயே திறந்துவிடுவதாகச் சொல்லித்தான் கிளம்புகிறான். ஆனால் போனது பிணத்திடம். நாய்கள் குதறிய உடலைக் கழுவி, புதிதாக ஒடித்த கிளைகளில் எரித்து, மண்மேடு எழுப்பி, அதற்குப் பிறகுதான் குகை. அதற்குள் அவள் மெல்லிய துணியில் தூக்கிட்டிருந்தாள்.

ஏன் அந்த வரிசை?

கட்டுரையாளரின் சிறுவயதுத் தெருவில் சாவு விழுந்தால், எடுக்கும்வரை எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது. பசித்து அழும் பிள்ளைகளும் காத்திருக்க வேண்டியதுதான். அந்தத் தெருக்காரர்கள் கிரியோனைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

குகைக்குள் உணவு வைத்திருந்தார்கள். கருணையால் அல்ல, ஊருக்குப் பழி ஒட்டக் கூடாதே என்று. ஆக, அவள் காத்திருக்க வழி இருந்தது. மன்னன் மனம் மாறிய செய்திதான் உள்ளே போகவில்லை.

செய்தி போனால் மட்டும் காத்திருப்பது எளிதாகிவிடுமா? ராபன் தீவுச் சிறையில் கைதிகள் இந்த நாடகத்தைப் போட்டபோது கிரியோனாக நடித்தவர் நெல்சன் மண்டேலா. ஆயுள் கைதி, அடைப்பவனின் வசனம் பேசினார். அதே தீவை வைத்து அதோல் ஃபூகார்ட், ஜான் கானி, வின்ஸ்டன் இன்ட்ஷோனா மூவரும் 1973இல் ‘தி ஐலண்ட்’ நாடகத்தை உருவாக்கினார்கள். அதில் ‘ஆன்டிகனி’க்கு ஒத்திகை பார்க்கும் இரு கைதிகளில் ஒருவனுக்கு மூன்று மாதத்தில் விடுதலை என்று தெரியவருகிறது. அன்றிலிருந்து மற்றவனுக்கு அந்த அறை தாங்க முடியாததாகிறது.

இனி ஒரு சிக்கல். கிரியோன் குகைக்கு வரும்போது, அவளுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த அவன் மகன் ஹீமோன் ஏற்கெனவே உள்ளே, அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு கதறுகிறான். தந்தைக்கு முந்திய அவனாலும் அவளைக் காப்பாற்ற முடியவில்லை. அவள் எப்போது இறந்தாள் என்று நாடகம் சொல்வதில்லை. அப்படியென்றால் வரிசை மாறியதால் எதுவுமே கெடாமலும் இருந்திருக்கலாம். ஆனாலும் அந்த மண்மேடு எழுப்பிய நேரத்தைக் கட்டுரையாளரால் மன்னிக்க முடியவில்லை. அது நியாயமா என்றும் அவருக்குத் தெரியவில்லை.