கசாயம் குடிக்கும் சாமி

என் மாமியார் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. பந்தியிலிருந்து பாதியில் எழுந்து, இறங்காமல் நின்ற சோற்றைக் கொல்லையில் துப்பிவிட்டு நான் நிமிர்ந்தபோது, முதுகைத் தடவிக்கொடுத்தபடியே சொன்னார்: "ஏளா, போன பிறவியில யாரு வாய்ச் சோத்தத் தட்டிவிட்டியோ."

தென்காசியில் எங்கள் தெருவில் இதை ஆறுதலாகத்தான் சொல்வார்கள். எனக்கு அது நான்கு வருடம் நெஞ்சில் நின்றது, சோற்றைப் போலவே.

முதலில் எப்போதாவது ஒரு கவளம் நிற்கும். பிறகு தினமும். எழுந்து நின்று, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, மூச்சை அடக்கித் தண்ணீர் குடித்தால் சில நாள் 'தொபுக்' என்று இறங்கும். சில நாள் அந்தத் தண்ணீரும் மேலே வந்துவிடும். சாரல் சமயத்தில் குற்றாலத்து மங்குஸ்தான் என்றால் எனக்கு உயிர். வழுக்கிக்கொண்டு போகிற அந்தச் சுளையும் நின்றது. இரவு படுத்தால் மதியம் சாப்பிட்டது செரிக்காமல் அப்படியே தலையணையில் கிடக்கும். 61 கிலோ இருந்தவள் 43 ஆனேன். கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினேன்.

கேஸ் என்றார்கள், அல்சர் என்றார்கள், மாத்திரை மாற்றினார்கள். எண்டோஸ்கோபியில் ஒன்றுமில்லை என்றதும், "மனசுதாம்மா காரணம்" என்று முடித்துவிட்டார் ஒருவர். வினை என்று வீட்டில் சொன்னதும் மனசு என்று அங்கே சொன்னதும் எனக்கு ஒன்றாகவே கேட்டன. இரண்டும் முழுதாகப் பார்ப்பதற்கு முன்பே வந்த பதில்கள். இரண்டிலும் காரணம் நானே.

நானும் தேடினேன். போன பிறவி எட்டவில்லை; இந்தப் பிறவியில் ஒன்று கிடைத்தது. முப்பது வருடம் தமிழ் ஆசிரியையாக இருந்தவள் நான். 1994இல், மனப்பாடம் ஒப்பிக்காத ஒரு பையனை மதிய உணவு மணி அடித்த பிறகும் வகுப்பு வாசலிலேயே நிறுத்திவைத்தேன். அவன் தட்டோடு நின்றான். அன்று சத்துணவு தீர்ந்துபோனது. அவனைத் தேடிப் போனேன். செங்கோட்டைப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்தான். "டீச்சர், எனக்கு அது ஞாபகமே இல்லையே" என்று எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டான். மன்னிப்புக் கேட்டேன். அவன் வாங்கிக்கொடுத்த டீ இறங்கவில்லை. ஆனாலும் அந்த மன்னிப்பை நான் கேட்டிருக்க வேண்டியதுதான், என் தொண்டை நன்றாக இருந்திருந்தாலும். அன்று பஸ்ஸில் திரும்பும்போதுதான் இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தொடங்கினேன்: நான் செய்தது ஒன்று, எனக்கு வந்திருப்பது வேறொன்று.

மதுரையில் ஓர் இளம் மருத்துவர், ஒரு பெண், யாரும் கேட்காததைக் கேட்டார். "சோறு மட்டும் நிக்குதாம்மா, தண்ணியுமா? ரெண்டும் ஆரம்பத்துல இருந்தேவா?" ஆரம்பத்திலிருந்தே இரண்டும்தான் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கட்டியோ சுருக்கமோ இருந்தால் பெரும்பாலும் முதலில் சோறு நிற்கும், நாள் போகப் போகத்தான் தண்ணீர் நிற்கும். முதலிலிருந்தே இரண்டும் நின்றால் கெட்டிருப்பது குழாயின் அசைவாக இருக்கலாம். உள்தோலை மட்டும் பார்க்கிற எண்டோஸ்கோபியில் அசைவுக் கோளாறு ஆரம்பத்தில் தப்பிவிடும். பேரியம் கரைசலைக் குடிக்கவைத்துப் படம் எடுத்தார்கள். மேலே விரிந்த உணவுக்குழாய் கீழே கிளி அலகுபோல் கூர்ந்து முடிந்தது. பிறகு மானோமெட்ரி. மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை இறக்கி, ஒரு தடவைக்கு 5 மில்லி தண்ணீராகப் பத்துத் தடவை விழுங்கச் சொன்னார்கள். நான்கு வருடத் துன்பம் திரையில் நிறங்களாக ஓடியது. அழுதேன், வலியால் அல்ல.

அக்கலேசியா. ஆண்டுக்கு லட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு வருவது. இரைப்பையின் வாசலில் இருக்கிற தசைவளையம் ஒவ்வொரு விழுங்கலுக்கும் தளர்ந்து வழிவிட வேண்டும். தளரச் சொல்லும் நரம்பணுக்கள் அழிந்துவிட்டால் வாசல் திறக்காது, குழாயும் தள்ளாது. ஏன் அழிகின்றன? "பெரும்பாலானவங்களுக்குக் காரணம் தெரியாதும்மா" என்றார் மருத்துவர். அந்தத் 'தெரியாது' என்னை எவ்வளவு இலேசாக்கியது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. காரணம் தெரியவில்லை என்றால் காரணம் நான் என்று ஆகாதே.

இதே கோளாறு பிரேசில் பக்கம் சாகஸ் நோயால் வருகிறது. மண்சுவர் இடுக்குகளில் வாழ்ந்து இரவில் ரத்தம் குடிக்கிற ஒரு பூச்சி பரப்பும் கிருமி, அதே நரம்பணுக்களை அழிக்கிறது. கார்லோஸ் சாகஸ் 1909இல் அந்த நோயைக் கண்டு எழுதினார். நான் அங்கே பிறந்திருந்தால் பூச்சியைப் பழித்திருப்பார்கள். காரணம் தெரியாத இடத்தில்தான் வினையைக் கொண்டுவந்து நிறுத்துகிறோம்.

இன்னொரு பெண்ணையும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். இங்கிலாந்துக்காரி. ஆயுள் முழுக்க விழுங்கச் சிரமப்பட்டு இறந்தவள். டேவிட் பேஃபோர்ட் என்ற மருத்துவர் உடலைத் திறந்து பார்த்தபோது, வலக்கைக்குப் போக வேண்டிய ரத்தக்குழாய் பிறவியிலேயே தடம் மாறி உணவுக்குழாயை நெரித்திருந்தது. அதைப் பற்றி எழுதியவர், இயற்கையின் விளையாட்டு என்ற பொருளில் லத்தீனில் பெயர் வைத்தார். திருவிளையாடலைக் கேட்டு வளர்ந்த எனக்கு அந்தச் சொல் புதிதல்ல. ஆனால் விளையாட்டு என்ற சொல்லும் அவளுக்கு நியாயம் செய்யவில்லை. திறந்து பார்த்தாரே, அதுதான் நியாயம்.

நான் வினையை மறுக்கிறவள் இல்லை. ஆணவம், கன்மம், மாயை என்று சித்தாந்தம் படித்துத்தான் வளர்ந்தேன். அந்தச் சித்தாந்தத்தின்படியே, வினையை அறிந்து ஊட்டுகிறவன் இறைவன். அப்படியானால் பக்கத்து வீட்டுக்காரியின் கணக்கைப் படித்துச் சொல்ல நமக்கு எங்கிருந்து உரிமை வந்தது? ஊழுக்கு ஓர் அதிகாரம் எழுதிய வள்ளுவரே மருந்துக்கும் ஒன்று எழுதியிருக்கிறார், 95ஆவது. அதன் பத்துக் குறளில் ஒன்றிலும் ஊழ் என்ற சொல் இல்லை. இத்தனை வருடம் பாடம் நடத்தியும் நோயாளியான பிறகுதான் இது என் கண்ணில் பட்டது.

எங்கள் குற்றாலநாதரைப் பாருங்கள். திருமாலாக நின்றவரை அகத்தியர் தலையில் கைவைத்து அழுத்திச் சிவலிங்கமாக்கினார் என்பது தலபுராணம். அழுத்தியதில் சாமிக்குத் தலைவலி. அதனால்தான் இன்றைக்கும் மூலிகைத் தைலத்தால் அபிஷேகம். அருவிக்கரைக் குளிர் ஒட்டிக்கொள்ளாமலிருக்க இரவு அர்த்தசாமத்தில் கசாயம் நைவேத்தியம். சிறு வயதில் இதைக் கதையாகக் கேட்டேன். இப்போது அந்தச் சன்னதியில் நிற்கும்போது, சாமிக்கே வலி வரும் என்று ஒப்புக்கொண்ட முன்னோரை நினைத்துக் கை தானாகக் குவிகிறது. உனக்கு ஏன் வலிக்கிறது, என்ன செய்தாய் என்று அவர்கள் அவரை விசாரிக்கவில்லை. தைலம் காய்ச்சினார்கள்.

எனக்குப் 'போயம்' என்ற முறையில் செய்தார்கள். ஜப்பானில் ஹாருஹிரோ இனோவே 2008இல் முதன்முதலாக மனிதருக்குச் செய்தது. வயிற்றைக் கிழிப்பதில்லை, வாய் வழியாகவே போய், உள்தோலுக்கு அடியில் சுரங்கம்போல் வழி எடுத்து, இறுகிய தசையை மட்டும் அறுத்துவிடுகிறார்கள். அழிந்த நரம்பு திரும்பாது. குழாய் இன்னும் தள்ளுவதில்லை; சோறு தன் கனத்தில் இறங்குகிறது. நிமிர்ந்து உட்கார்ந்து, மெதுவாக, தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிடுகிறேன். அமிலம் மேலே ஏறுவதால் தினமும் ஒரு மாத்திரை, கட்டில் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் இரண்டு செங்கல். ஊருக்கு வந்த முதல் வாரம் மாமியார் கஞ்சியோடு எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு வாயாக எண்ணினார். பிறவியைப் பற்றி அதன்பிறகு அவர் பேசவேயில்லை.

அந்த ஆடியில் ஒருநாள் அர்த்தசாமப் பூசை பார்த்துவிட்டு வெளியே வந்தோம். சாரல் கண்ணில் அடித்தது. என் கணவர் கடையில் இரண்டு சுக்குக் காபி வாங்கினார். தன்னுடையதைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, என் தொண்டையையே பார்த்தபடி நின்றார்.

"எறங்கிட்டா?"

"எறங்கிட்டு" என்றேன்.