யாருடைய பாட்டு?

சென்ற ஆண்டு திருநெல்வேலியில் ஓர் இலக்கியக் கூட்டம். 'எழுத்தாளனும் சமுதாயமும்' என்பது எனக்குக் கொடுத்திருந்த தலைப்பு. அந்தத் தலைப்பில் பேசக்கூடியவற்றையெல்லாம் விட்டுவிட்டு, நான் என் சொந்த வயிற்றெரிச்சலைத்தான் பேசினேன். அதற்குக் காரணம் இருந்தது. கூட்டத்துக்கு நாலு நாள் முன்னால் உறவினர் ஒருவர் என் கைப்பேசிக்கு ஒரு கதை அனுப்பியிருந்தார். மேலே 'படித்ததில் பிடித்தது' என்று ஒரு வரி, கீழே கதை. படித்துக்கொண்டே போனேன். என் கதை! பத்து வருஷங்களுக்கு முன்னால் நான் எழுதியது. தொடக்கத்தில் ஒரு பத்தியைக் காணோம். முடிவில் எவரோ ஒரு நீதிவாக்கியத்தை ஒட்டவைத்திருந்தார். என் பெயர் மட்டும் எங்குமே இல்லை. "ரொம்ப நல்லா இருக்கு. யாரு எழுதினதோ தெரியலை. நீங்களும் இந்த மாதிரி எழுதலாமே" என்று உறவினர் யோசனை வேறு சொல்லியிருந்தார்.

எனக்கு வந்த கோபத்தைக் கேட்க வேண்டுமா? "சோற்றைத் திருடுகிறவனை மன்னிக்கலாம், பெயரைத் திருடுகிறவனை எப்படி மன்னிப்பது?" என்று மேடையில் முழங்கினேன். நல்ல கைதட்டல். அந்தக் கைதட்டலின் சூடு ஆறுவதற்குள் காரில் ஏறி மதுரைக்குப் புறப்பட்டேன்.

கூட்டத்துக்கு வந்திருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் என்னுடன் வந்தார். எழுபதைத் தாண்டியவர். விருதுநகரில் அவரை இறக்கிவிட வேண்டும். கங்கைகொண்டான் தாண்டியதும், பேச்சு ஓய்ந்த நேரத்தில், நான் கார் ஸ்டீரியோவைத் திருகினேன். அதில் சொருகியிருந்த பென் டிரைவிலிருந்து பாட்டுகள் வரத் தொடங்கின. ஒரு பக்திப் பாட்டு, அதன் பின்னால் ஒரு கும்மாளப் பாட்டு, பிறகு ஒரு சோகப் பாட்டு. எந்த வரிசையில் ஏற்றினார்களோ அந்த வரிசையில் எடுத்துக் கொடுப்பதுதான் என் வண்டிக் கருவியின் இயல்பு. அதற்கு நேரம், காலம், ரசம் எதுவும் தெரியாது.

கயத்தாறு நெருங்கும்போது, 1957-ல் வந்த 'மக்களைப் பெற்ற மகராசி' படத்தின் உழவுப் பாட்டு வந்தது. டி.எம்.சௌந்தரராஜனின் குரல். வெளியே இரு புறமும் கரிசல் காடு. பெரியவர் கண்களை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டார். பாட்டு முடிகிற தறுவாயில் கண்ணைத் திறந்தார்.

"இதை யாரு எழுதினது தம்பி?"

"கண்ணதாசனாக இருக்கும் ஐயா" என்றேன் சற்றும் தயங்காமல்.

"இருக்கும்னா? அதோ அந்தக் கண்ணாடியிலே ஏதோ எழுத்து ஓடுதே, அதைப் பார்த்துச் சொல்லுங்க."

பார்த்தேன். படத்தின் பெயர் ஓடியது. அதன் பின், பாடியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு வெப்சைட்டின் பெயர் ஓடியது.

"இதுதான் கவிஞர் பேரா?"

"இல்லை ஐயா. இந்தப் பாட்டையெல்லாம் இலவசமாக எடுத்துக் கொடுக்கிற ஒரு வெப்சைட்."

"இதுல எத்தனை பாட்டு இருக்கு?"

"இரண்டாயிரத்துச் சொச்சம்."

"என்ன விலை கொடுத்தீங்க?"

"செல்போன் கடையிலே ஏற்றிக் கொடுத்தான். நூற்றைம்பது ரூபாய்."

பெரியவர் சிறிது நேரம் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மருதகாசி எழுதினது" என்றார். பிறகு, "காலையிலே உங்க பேச்சைக் கேட்டேன் தம்பி. நல்லா இருந்தது" என்றார்.

அவ்வளவுதான். கோவில்பட்டி வரும்வரை எங்கள் இருவருக்கும் பேச்சில்லை.

அன்று முதல் ஒரு கேள்வி என்னை விடவில்லை. நான் திருடனா?

'அல்ல' என்று சொல்ல வாதங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றை நானே எனக்குச் சொல்லிப் பார்த்தேன். ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றினால் முதல் விளக்கின் ஒளி குறைந்துவிடுமா? நான் பிரதி எடுத்துக்கொண்டதால் பாட்டு யாரிடமிருந்தும் காணாமல் போய்விடவில்லையே! இரவெல்லாம் லாரி ஓட்டுகிறவன் தூக்கம் வராமலிருக்க நூறு ரூபாய்க்குப் பாட்டு ஏற்றிக்கொள்கிறான். அவனைப் போய்த் திருடன் என்பதா? பழைய படங்களின் இசைத்தட்டும் கேசட்டும் இன்று எந்தக் கடையில் கிடைக்கின்றன?

இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. சட்டமேகூட எல்லாக் காலத்துக்கும் வேலி போடவில்லை. அந்தப் பாட்டு வந்த 1957-லேயேதான் நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டமும் இயற்றப்பட்டது. ஓர் ஒலிப்பதிவுக்கு அது 60 ஆண்டுகள் காவல் கொடுக்கிறது. ஆகவே 1957-ல் வெளியான பதிவுக்கு அந்தக் காவல் 2017-ன் முடிவோடு தீர்ந்துவிட்டது. சொல்லுக்கும் மெட்டுக்கும் கணக்கு வேறு. ஆக்கியவர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள். ஆனால் இந்தக் கணக்கு என்னைக் காப்பாற்றவில்லை. என் பென் டிரைவில் இருந்தவற்றில் பெரும்பாலானவை அத்தனை பழமையானவை அல்ல. தவிர, லாரி ஓட்டுநரின் வறுமையை நான் எனக்குச் சாக்காக எடுத்துக்கொள்ள முடியுமா? நான் கார் வைத்திருக்கிறவன்.

பணத்தின் கணக்கு இப்படி. இதைவிட என்னை உறுத்தியது அந்தச் சின்னக் கண்ணாடியில் ஓடிய பெயர்.

எம்.பி.3 என்று சொல்கிறோமே, அந்தப் பாட்டுக் கோப்புகளில் பெயர் எழுதுவதற்கென்றே இடம் உண்டு என்பதை அதன் பிறகுதான் தெரிந்துகொண்டேன். 1996-ல் ஏற்பட்ட முதல் ஏற்பாட்டில், கோப்பின் கடைசியில் 128 எழுத்துகள் கொள்ளும் ஒரு சிறு இடத்தை ஒதுக்கினார்கள். பாட்டின் தலைப்புக்கு 30 எழுத்து, பாடகருக்கு 30, தொகுப்பின் பெயருக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30. பாட்டை எழுதியவனுக்கு? ஓர் எழுத்துகூட இல்லை! 1998-ல் வந்த அடுத்த ஏற்பாட்டில் இசையமைத்தவருக்கும் பாட்டெழுதியவருக்கும் தனித்தனி அறைகள் வந்தன. ஆனால் அவற்றை நிரப்புகிறவர்களும் குறைவு, வண்டியின் கண்ணாடியில் காட்டும் கருவிகளும் குறைவு. திருட்டுக் கடைக்காரனோ இருந்த இடத்திலும் இருந்த பெயரை அழித்துத் தன் விளம்பரத்தை எழுதிவிடுகிறான். பாட்டை மட்டும் அவன் எடுத்துக்கொண்டிருந்தால் அது ஒரு குற்றம். பாடியவனின் இடத்தில் தானே உட்கார்ந்துகொள்வது இன்னொரு குற்றம். அந்த இரண்டாவது குற்றத்தைத்தான் நான் மேடையில் 'மன்னிக்க முடியாதது' என்று சொன்னேன். அதைச் சொல்லிவிட்டு வந்து, அதையே என் காரில் மணிக்கணக்கில் ஓட விட்டுக்கொண்டிருந்தேன்.

முடிவில் பெயர் சொல்வது நமக்குப் புதிதல்ல. திருஞானசம்பந்தர் ஒவ்வொரு பதிகத்தின் இறுதியிலும் தம் பெயரையும் ஊரையும் பதித்து வைத்தார். ஆண்டாள் தன் பெயரைச் சொல்லித்தான் திருப்பாவையை நிறைவு செய்கிறாள். தியாகராஜரும் தீட்சிதரும் தங்கள் கிருதிகளுக்குள்ளேயே முத்திரை வைத்தார்கள். 1902-ல் கல்கத்தாவில் முதல் இசைத்தட்டுகளுக்குப் பாடிய கௌஹர் ஜான், பாட்டு முடிந்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். தட்டு அச்சாவது ஜெர்மனியில் என்பதால், அங்கே இருப்பவர்கள் பெயரை மாற்றி ஒட்டிவிடக்கூடாதே என்பதற்காக அப்படிச் சொன்னார் என்பார்கள். பெயர் தொலைந்துபோகும் என்ற அச்சம் எல்லாக் காலத்துக் கலைஞனுக்கும் இருந்திருக்கிறது.

தொலைந்த பெயருக்கு நம் முன்னோர் என்ன செய்தார்கள் தெரியுமா? சங்கப் பாடல்களைத் தொகுத்தபோது சிலருடைய பெயர் கிடைக்கவில்லை. பெயர் தெரியாதே என்று அவர்கள் கைவிட்டுவிடவில்லை. அந்தப் புலவனின் பாட்டிலேயே அழகாக வந்த ஒரு தொடரை எடுத்து அதையே அவனுக்குப் பெயராகச் சூட்டினார்கள். குறுந்தொகையில் செம்புலப் பெயல்நீரார், நற்றிணையில் தேய்புரிப் பழங்கயிற்றினார். தெரியாத பெயருக்கும் ஒரு பெயர் கொடுத்த மரபில் வந்த நாம், தெரிந்த பெயரை அழித்துவிட்டு ஒரு கடையின் பெயரை எழுதுகிறோம்!

நான் சிறுவனாக இருந்தபோது வானொலி அறிவிப்பாளர் பாட்டோடு படத்தின் பெயர், இசையமைத்தவர், பாடியவர், எழுதியவர் என்று சொல்வார். அந்தப் பட்டியல் முடியட்டும், பாட்டு வரட்டும் என்று பறந்திருக்கிறேன். அது ஒரு நன்றியறிதல் என்பது இப்போதுதான் புரிகிறது. விருந்துக்குப் போனால் இலையில் உட்காருமுன் வீட்டுக்காரரைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசுகிறோமே, அது போல.

அந்த மாதத்தில் நாலு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்தேன். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நான் உண்மையில் கேட்கிறவை இருநூறுகூடத் தேறவில்லை. மற்றவற்றை அழித்தேன். விலைக்குக் கிடைத்தவற்றை விலை கொடுத்து வாங்கினேன். விலை கொடுத்தவற்றிலும் பலவற்றில் கவிஞரின் பெயர் இல்லை என்பதையும் பார்த்தேன். ஒவ்வொரு பாட்டாகத் தேடி, எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் மூவரையும் பாடகருக்குரிய இடத்திலேயே சேர்த்து எழுதினேன். எழுத எழுத என் அறியாமை எனக்கே வெட்கமாக இருந்தது. கண்ணதாசன் என்று நான் சத்தியம் செய்யத் தயாராயிருந்த பாட்டுகளில் சில மருதகாசியுடையவை, சில கு.மா.பாலசுப்பிரமணியத்துடையவை. இத்தனை காலம் அந்தப் பாட்டுகளால் என் துக்கங்களை ஆற்றிக்கொண்டிருக்கிறேன். ஆற்றியவன் யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

'பெயரை எழுதிவிட்டால் கடன் தீர்ந்ததா? பணம் கொடுக்க வேண்டிய இடத்தில் கும்பிடு போட்டுத் தப்பித்துக்கொள்கிற வித்தைதானே இது?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பாட்டெழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் வருவாயில் பங்கு உண்டு, அதை யாரும் எழுதி வாங்கிக்கொள்ள முடியாது என்று 2012-ல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. வெறும் கும்பிடு வயிற்றை நிரப்பாது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். ஆகவே என் பணக் கடன் முழுதும் தீர்ந்ததாக நான் சொல்லிக்கொள்ளவில்லை. கேட்டுத் தீர்த்த பழைய பாட்டுகளுக்கு யாரிடம் போய்க் கொடுப்பேன்? ஆனால் ஒன்று: உரிமையை விற்றுவிட்ட பிறகும், 'இது நான் செய்தது' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைத்தவனுக்கு உண்டு என்று அதே சட்டம் சொல்கிறது. பணத்துக்குத் தவணை உண்டு. பெயருக்குத் தவணை இல்லை. பெயரே தெரியாதவனுக்கு யாரும் பணம் கொடுத்ததும் இல்லை.

சென்ற மாதம் விருதுநகர் வழியாகப் போகும்போது பெரியவரைக் கூட்டிக்கொண்டு சாத்தூர் வரை ஒரு சுற்று வந்தேன். அந்த உழவுப் பாட்டு வந்தது. கண்ணாடியில் மருதகாசி, கே.வி.மகாதேவன், டி.எம்.சௌந்தரராஜன் என்று மூன்று பெயர்கள் ஓடின. பெரியவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"உங்க கதையை அனுப்பினாரே உறவினர், அவருக்கு அது உங்க கதைன்னு சொல்லிட்டீங்களா தம்பி?" என்றார்.

"இன்னும் இல்லை ஐயா."

"சொல்லிடுங்க. கோபமா இல்லாம சொல்லுங்க. உங்களை மாதிரி அவருக்கும் தெரியாமத்தானே நடந்தது."